கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை எங்கே போயிற்று?

கேள்வி இதுதான்: “ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. அவன் குடியிருந்த அரண்மனையில் ஒரு சுவர்கூட மிச்சமில்லையே, ஏன்? பாண்டியர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?”

சுருக்கமாகச் சொன்னால், சுவர் இருக்கிறது, தரைக்குக் கீழே. பாண்டியர்கள் தலையில் மொத்தப் பழியையும் கட்ட முடியாது. வீடு கட்டச் செங்கல் தேவைப்பட்ட நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. விரிவாகத் தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம் கங்கைகொண்ட சோழபுரம். வருகிறவர்கள் விமானத்தைப் பார்ப்பார்கள், சிம்மக்கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், புல்தரையில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர் போனால் உட்கோட்டை என்ற ஊர் வரும். அங்கேதான் மாளிகைமேடு. நான் முதல் தடவை போனபோது ஆட்டோக்காரர், “அங்க என்ன சார் இருக்கு, வெறும் குழிதான்” என்றார். பாதி சரி. வயல்வெளிக்கு நடுவே லேசாக உயர்ந்த மேடு, அதில் சதுரம் சதுரமாகத் தோண்டிய குழிகள், குழிக்குள் செங்கல் சுவரின் அடிப்பாகம். அவ்வளவுதான். தெற்காசியாவின் பெரிய அரசுகளில் ஒன்றை இரண்டரை நூற்றாண்டு ஆண்டவர்களின் வீட்டில் இன்று கண்ணால் பார்க்க முடிவது இவ்வளவுதான்.

சுற்றிலும் உள்ள ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: ஆயுதக்களம், மெய்க்காவல்புதூர், சுண்ணாம்புக்குழி. படைக்கலம் இருந்த இடம், மெய்க்காவலர் குடியிருப்பு, சுண்ணாம்பு எடுத்த இடம் என்று உடனே பொருள் சொல்லத் தோன்றும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதுவது ஆபத்து, அதில் நான் பலமுறை சூடு பட்டிருக்கிறேன். ஆனால் உட்கோட்டை, மாளிகைமேடு என்ற இரண்டு பெயர்களையும் மண்வெட்டி மெய்யாக்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாய்வழியாக எழுநூறு ஆண்டு காப்பாற்றிக் கொடுத்த தகவல் அது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். சோழர் கல்வெட்டில் ‘கோயில்’ என்று வந்தால் உடனே கும்பிடக் கூடாது. பல இடங்களில் அது அரண்மனை. கோ இருக்கும் இல். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய புகழ்பெற்ற கல்வெட்டு, “தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால் இருமடிசோழனின் கீழைத் திருமஞ்சனசாலை” என்று அவன் இருந்த இடத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் ‘கோயில்’ அவன் அரண்மனை. இருமடிசோழன் என்பது அதிலிருந்த ஒரு கட்டடத்தின் பெயர். அதன் கிழக்குப் பக்கக் குளியல் மண்டபத்தில் அவன் இருந்தபோது, தான் எடுப்பித்த கற்றளிக்குத் தானும் தன் அக்காவும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னான். சிவன் இருந்த கட்டடத்துக்கு அந்தக் கல்வெட்டு வைக்கும் பெயர் ‘திருக்கற்றளி’, அதாவது கல்லால் ஆன தளி. இந்த ஒரு வரியிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. தெய்வத்துக்குக் கல், அரசனுக்கு வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, இந்த ஊர் எப்படி வந்தது? ராஜேந்திரன் 1014இல் தனியாட்சிக்கு வந்தான். 1023 வாக்கில் அவன் படை வடக்கே கங்கை வரை போய்த் திரும்பியது. கொண்டுவந்த கங்கைநீரை நினைவாக்கி ஒரு பெரிய ஏரி வெட்டினான், சோழகங்கம். தண்ணீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் பாடுகிறது. இன்று பொன்னேரி என்கிறோம். ஏரி, கோயில், நகரம், அரண்மனை எல்லாம் ஒரே திட்டம். அப்பன் அப்போதுதான் தஞ்சையில் அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டி முடித்திருந்தான். அதை விட்டுவிட்டு மகன் ஏன் புதுத் தலைநகருக்கு வந்தான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் கணக்கில் வரைபடமே போதும். தஞ்சை கொள்ளிடத்துக்குத் தெற்கே, நல்ல நஞ்சை நடுவே இருக்கிறது. சோழர்களின் அக்கறையோ அப்போது வடக்கே திரும்பியிருந்தது: தொண்டை மண்டலம், வேங்கி, துங்கபத்திரைக் கரைச் சாளுக்கியர். வெள்ள நாளில் கொள்ளிடத்தைக் கடந்து படை நடத்துவதை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்கு வடகரையில், மேட்டுப்பாங்கான நிலத்தில் உட்கார்ந்துகொள்வது புத்திசாலித்தனம். தண்ணீர்ப் பஞ்சத்துக்குத்தான் ஏரி வெட்டியாயிற்றே.

இனி அரண்மனைக்குள் போகலாம். கட்டடம் போய்விட்டது, ஆனால் அதன் அறைகளின் பெயர் சில கல்வெட்டில் தங்கிவிட்டன. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜேந்திரனின் மகன்களில் ஒருவன் வீரராஜேந்திரன். அவனுடைய 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஏறக்குறைய 1068, அவன் கங்கைகொண்ட சோழபுரத்தில் ‘சோழகேரளன் திருமாளிகை’யில் எழுந்தருளியிருந்ததாகச் சொல்கிறது. ஆதிபூமி என்கிறது, அதாவது தரைத்தளம். கீழைச் சோபானம் என்கிறது, கிழக்குப் படிக்கட்டுப் பக்கம். அவன் அமர்ந்திருந்த இருக்கைக்கும் ஒரு பெயர்: ‘ராஜேந்திரசோழ மாவலிவாணராஜன்’. மாவலிவாணராஜன் என்பது வாணர் குலத் தலைவர்களின் பட்டம். ஒரு சிற்றரசர் பட்டத்தை நாற்காலிக்கு வைத்து, அதன்மேல் சக்கரவர்த்தி உட்கார்ந்திருக்கிறார். யோசித்து வைத்த பெயர்தான் என்று நினைக்கிறேன். இது தற்செயலும் இல்லை. 1090இல் முதற்குலோத்துங்கன் ஆயிரத்தளி என்ற இன்னொரு சோழ நகரத்தின் அரண்மனையில் திருமஞ்சனசாலையில் இருந்தபடி ஓர் ஆணை இட்டான். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கான அந்தச் செப்பேடு பின்னாளில் ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் அவன் உட்கார்ந்திருந்த பள்ளிப்பீடத்தின் பெயர் ‘காலிங்கராயன்’.

ஆதிபூமி என்று தரைத்தளத்தைத் தனியாகச் சொன்னதிலிருந்தே மேலே மாடி இருந்தது தெரிகிறது. தரை மட்டும் இருக்கும் வீட்டில் யாரும் “நான் கீழ்த்தளத்தில் இருந்தேன்” என்று சொல்ல மாட்டார்கள். குலோத்துங்கனின் 49ஆம் ஆண்டு, 1119 வாக்கில், இதே ஊரில் ‘கங்கைகொண்ட சோழன் மாளிகை’ என்று வேறொரு பெயர் வருகிறது. ஆக, அரண்மனை என்று நாம் ஒருமையில் சொல்வது தப்பு. மதிலுக்குள் பல மாளிகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர், அவற்றுக்கு நடுவே மண்டபங்கள், திருமஞ்சனசாலைகள். ஒரே கட்டடமாக மனத்தில் வரைந்துகொண்டால் மாளிகைமேட்டில் இறங்கியதும் ஏமாந்துபோவீர்கள்.

அங்கே என்ன நடந்தது? பெரும்பாலும் ஓலை எழுதும் வேலை. அரசன் வாயால் சொல்வது ‘திருவாய்க்கேள்வி’. அதைக் கேட்டு எழுதுகிறவர் ‘திருமந்திர ஓலை’. எழுதியது சரிதானா என்று பார்ப்பவர் ‘திருமந்திர ஓலைநாயகம்’. அப்புறம் அது வரிப்பொத்தகத்தில் ஏற வேண்டும். அதற்குத் தனி அதிகாரிகள், அவர்கள் பெயரெல்லாம் கல்வெட்டில் வரிசையாக வரும், படித்தால் தலை சுற்றும். ஒரு சிறு ஊரின் வரியை ஒரு கோயிலுக்கு மாற்றிவிடுவதற்கே இத்தனை பேர் கையெழுத்து வேண்டும். வாலாஜாபாத் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 15 படுக்கையுள்ள ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நெல்லும் காசும் ஒதுக்கிய கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் வீரராஜேந்திரன் காலத்ததுதான், அதே 5ஆம் ஆண்டு. சினிமாவில் காட்டுவது போல அரண்மனை என்றால் நாட்டியமும் வாளும் மட்டும் இல்லை. நம் தலைமைச் செயலகம் மாதிரி ஓர் இடம், ராஜா மாடியிலேயே குடியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அரண்மனை வேலைக்காரர்களின் குடியிருப்புக்கு ‘வேளம்’ என்று பெயர். தஞ்சையிலும் இங்கேயும் பல வேளங்கள் இருந்தன. அங்கிருந்த பணிப்பெண்களைக் கல்வெட்டு ‘பெண்டாட்டி’ என்று எழுதும். அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருளை வைத்துப் படித்துவிட்டு, ராஜாவுக்கு இத்தனை மனைவியா என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். பெண்டாட்டி என்றால் அங்கே அரண்மனைப் பணி செய்யும் பெண். போரில் பிடித்துவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. மாளிகையின் பெருமையைப் பேசும்போது அந்தப் பெண்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அவர்களில் சிலர் கோயிலுக்கு விளக்கு வைக்கும் அளவுக்குக் கையில் பொருள் வைத்திருந்ததும் கல்வெட்டிலேயே வருகிறது.

நகரத்தின் தெருக்களிலும் சில பெயர்கள் பிழைத்திருக்கின்றன. ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி எல்லாம் எதிர்பார்த்ததுதான். தெற்கே வேம்புகுடிக்குப் போகும் வேம்புகுடி வாசல் இருந்தது. குலோத்துங்கசோழன் திருமதிலை ஒட்டி ஒரு பெருவழி. இவற்றுக்கு நடுவே ‘கூழையானை போன பெருவழி’ என்று ஒன்று! கூழை என்றால் குட்டை. ஏதோ ஒரு குட்டை யானை அந்த வழியாகப் போயிருக்கிறது, ஊரே அதைப் பேசியிருக்கிறது, கடைசியில் அதுவே சாலைக்குப் பெயராகி அரசாங்கப் பதிவிலும் ஏறிவிட்டது. ராஜேந்திரனின் பட்டப்பெயர்கள் எதைவிடவும் இந்த யானைதான் அந்த நகரத்தை எனக்குக் கிட்டக் கொண்டுவருகிறது.

இப்போது குழிக்குள் இறங்குவோம். தமிழ்நாடு தொல்லியல் துறை மாளிகைமேட்டில் 1980களில் பல பருவங்கள் தோண்டியது. மறுபடி 2021இலிருந்து அடுத்தடுத்து அகழாய்வுகள் நடந்தன. கிடைத்த சுவர்கள் எல்லாம் சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து. தடிமன் ஒரு மீட்டருக்கு மேல். சில இடங்களில் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் மணலை நிரப்பியிருக்கிறார்கள். நகரத்தின் வெளிமதிலும் இதே முறைதான், உள்ளே மணல். முழுக்கச் செங்கல்லாலேயே கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு. மணல் அடியை வாங்கிக்கொள்ளும், ஆதலால் இடித்துத் தள்ளுவதும் கடினம்.

தூண்கள் மரம். அதற்கு ஆதாரம், தூணின் அடியில் வைத்த கருங்கல் பீடங்கள். மரத்தை நேராக மண்ணில் நட்டால் கரையான் விடாது, ஈரம் ஏறும். ஆகையால் கல் பீடத்தின் மேல் மரத்தூணை நிறுத்துவது நம் பக்கத்துப் பழைய தச்சு வழக்கம். இன்றும் பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் இதைப் பார்க்கலாம். தூண் போய்விட்டது, பீடம் அப்படியே இருக்கிறது. கூரைக்குச் சிறிய தட்டை ஓடுகள், சுண்ணாம்புச் சாந்தில் பல அடுக்காகப் பதித்தவை. அந்த ஓடுகளும் இரும்பு ஆணிகளும்தான் குழிகளில் குவியல் குவியலாகக் கிடைப்பவை.

அந்த ஆணியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். துரு ஏறித் தடித்து, பாதி வளைந்து, பட்டறையில் கொல்லன் அடித்த தலை மட்டும் அடையாளம் தெரியும். ஒவ்வோர் ஆணியும் ஒரு காலத்தில் ஒரு சட்டத்தையோ உத்திரத்தையோ பிடித்துக்கொண்டிருந்தது. மரம் மக்கி மண்ணானபோது, ஆணி இருந்த இடத்திலேயே கீழே விழுந்தது. மரமாளிகை போன பிறகு அதன் எலும்பு மாதிரி மிஞ்சுவது ஆணிதான். ஓர் அரண்மனையின் மேல்மாடியை மனத்தில் எழுப்ப வேண்டுமானால் நான் இந்த ஆணிகளிலிருந்துதான் தொடங்குவேன்.

இவற்றோடு கண்ணாடி வளையல் துண்டுகள், செப்புக்காசுகள், அப்புறம் சீனப் பீங்கான். வெளிர்பச்சை மெருகுள்ள துண்டு, வெள்ளைத் துண்டு. சோழர் தூதுக்குழுக்கள் சோங் அரசவைக்கு 1015, 1033, 1077 ஆண்டுகளில் போய் வந்ததைச் சீனப் பதிவுகள் குறித்து வைத்திருக்கின்றன. 1025இல் மலாய்க் கரையிலுள்ள கடாரத்தின் மேல் படையெடுப்பு. அந்தக் கடல்வழியில் வந்த தட்டு ஒன்று இங்கே யார் கையிலிருந்தோ நழுவி உடைந்திருக்கிறது. யாரோ ஒருத்தி திட்டு வாங்கியிருப்பாள்.

இப்போது முதல் ‘ஏன்’ கேள்வி. மாமன்னனுக்குக் கல்லில் வீடு கட்டிக்கொள்ள வசதியில்லையா? வசதியெல்லாம் இருந்தது. வழக்கம்தான் இல்லை. கல்லில் கட்டுவது தெய்வத்துக்கு. மனிதன், அவன் சக்கரவர்த்தியே ஆனாலும், செங்கல்லிலும் மரத்திலும்தான் குடியிருப்பான். சோழர் மட்டுமல்ல, பல்லவர், பாண்டியர் எல்லாருக்கும் இதே கதை. பல்லவன் அரண்மனையைக் காஞ்சியில் யாரேனும் காட்ட முடியுமா? இதைப் பக்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம், வசதியும் சேர்ந்ததுதான். நம் வெயிலுக்குக் கருங்கல் வீட்டில் சித்திரை மாதம் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரமும் ஓடும் சுண்ணாம்பும் குளிர்ச்சி. வேண்டும்போது இடித்து மாற்றலாம், பெரிதாக்கலாம், புது ராஜா வந்தால் புது மாளிகை எழுப்பலாம். பராமரிக்க ஆள் இருக்கும்வரை எந்தக் குறையும் இல்லை. ஆள் போனதும், ஓடு நகர்ந்த இடத்தில் ஒழுகத் தொடங்கும், உத்திரம் உளுக்கும். ஓட்டு வீட்டை இரண்டு மழைக்காலம் பூட்டிவிட்டுப் போனவர்களைக் கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.

இந்த அரண்மனை பூட்டப்பட்டது எப்போது என்று பார்ப்பதற்கு முன் நடுவில் ஒரு சின்னக் காட்சி. 1070இல் வீரராஜேந்திரன் இறந்தான். மகன் அதிராஜேந்திரனுக்கு அரியணை நிலைக்கவில்லை, ஊரில் கலகம். அவன் மைத்துனன் சாளுக்கிய விக்கிரமாதித்தன். அவன் படையோடு வந்து, காஞ்சியில் அடக்கிவிட்டு, இங்கேயும் வந்து மைத்துனனைப் பட்டத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனதாக அவனுடைய அவைக்கவி பில்ஹணர் எழுதுகிறார். காஷ்மீரத்திலிருந்து வந்த கவி அவர். விக்கிரமாதித்தன் ஊர் திரும்பிய கையோடு மறுபடி கலகம், அதிராஜேந்திரன் கொல்லப்பட்டான். வேங்கியிலிருந்து வந்து அரியணை ஏறியவன்தான் முதற்குலோத்துங்கன், ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். பில்ஹணர் எசமானுக்காக எழுதியவர், அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் 1070ஆம் ஆண்டு மாளிகைமேட்டில் யாருக்கும் நல்ல தூக்கம் இருந்திருக்காது.

சரி, பாண்டியர்கள். எல்லாரும் சொல்லும் கதைக்கு வேர், 1216இல் பட்டத்துக்கு வந்த முதல் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசன் புகழைப் பாடும் கல்வெட்டு முகவுரை. “தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி” என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். கூடம், மதில், கோபுரம், ஆடரங்கு, மாடம், மாளிகை, மண்டபம் எல்லாம் இடித்ததாகவும், கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததாகவும் அடுத்தடுத்து வரும். படிக்கவே வயிறு கலங்கும் வரிகள். ஆனால் நிதானமாகப் பாருங்கள். அவன் பெயர் சொல்லி எரித்தது தஞ்சையையும் உறையூரையும். கங்கைகொண்ட சோழபுரம் அந்த வரியில் இல்லை. அதைவிட முக்கியமாக, அதே மெய்க்கீர்த்தியின்படி அவன் அடுத்து ஆயிரத்தளிக்குப் போய், சோழர்கள் முடிசூடும் மண்டபத்திலேயே வீராபிஷேகம் செய்துகொண்டான். எதிரியின் மண்டபத்தை எல்லா இடத்திலும் கொளுத்தவில்லை, ஓர் இடத்தில் அதில் உட்கார்ந்து பார்க்கவும் ஆசைப்பட்டிருக்கிறான். அப்புறம் சோழ நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற பட்டம் அதனால் வந்தது.

சோழர் ஆட்சி அதற்குப் பிறகும் அறுபது ஆண்டு ஓடியது. கடைசி அரசன் மூன்றாம் ராஜேந்திரனின் கல்வெட்டுகள் 1279 வரை கிடைக்கின்றன. அதன்பின் பாண்டியர் ஆட்சி. இந்த ஊர்க் கோயிலான கங்கைகொண்ட சோழீஸ்வரத்திலேயே பாண்டியர் கல்வெட்டுகளும் உள்ளன, கோயிலுக்கு அவர்கள் கொடுத்ததைச் சொல்பவை. ஊரை உழுது கவடி விதைத்தவர்கள் அதே ஊர்க் கோயிலுக்குத் தானம் எழுதிவைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது என் வாதம். சண்டை நடந்த காலத்தில் சேதம் வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அரண்மனையைக் கொன்றது தீயைவிட, ராஜா இல்லாமல் போனதுதான். கோயிலுக்கு 1279க்குப் பிறகும் எண்ணெய் ஊற்ற, விளக்கேற்ற, ஒழுகினால் அடைக்க ஆள் இருந்தார்கள். மாளிகைக்கு யார் இருந்தார்கள்? மதுரையில் இருக்கிற பாண்டியனுக்கு இத்தனை பெரிய வீட்டைக் கட்டிக்காக்க என்ன தலையெழுத்து? சம்பளம் நின்ற வேலைக்காரர்கள் போனார்கள், பூட்டும் பெயர்க்கத் தக்க மரமும் முதலில் போயிருக்கும், கூரை இறங்கியது, மழை மீதியைப் பார்த்துக்கொண்டது.

அதற்குப் பின் மிஞ்சியது செங்கல். அது இலவசமாகக் கிடைக்கும் நல்ல சரக்கு. சூளை போட வேண்டாம், விறகு வேண்டாம், மேட்டைக் கிளறினால் நன்றாகச் சுட்ட கல் முழுசு முழுசாக வரும். தலைமுறை தலைமுறையாகச் சுற்றுவட்டார மக்கள் எடுத்து வீடு கட்டினார்கள். அகழாய்வுக் குழிகளில் சுவர் இருந்த தடம் மட்டும் இருக்கும், கல் இருக்காது, அப்படிப் பல இடங்கள். நகரின் வெளிமதிலும் இப்படித்தான் காணாமல் போனது. அந்த ஆட்டோக்காரரே திரும்பும் வழியில், தன் தாத்தா வீட்டு அடுப்படிச் சுவர் மேட்டுக் கல்தான் என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. சோற்றுக்கே பாடாக இருந்த ஊரில், கேட்பாரில்லாமல் கிடந்த செங்கல்லை யார் விடுவார்?

கோபம் வருவது வேறொன்றுக்கு. 1836இல் ஆர்தர் காட்டன் மேற்பார்வையில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். அதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. இங்கே, கோயிலின் சுற்றுமதிலும் அதைச் சேர்ந்த கட்டடங்களும் பெயர்க்கப்பட்டன. ஊர் மக்கள் தடுத்தார்கள், தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள், அதையும் நிறைவேற்றவில்லை. இதை நான் தேசபக்தியில் சொல்லவில்லை. 1855இல் வெள்ளைக்காரர்களே அச்சிட்ட தென்னிந்தியக் கெசட்டியர், வெட்கப்பட்டுக்கொண்டே எழுதியிருக்கிறது. கீழணையால் டெல்டாவுக்குக் கிடைத்த பாசனம் பெரிது, காட்டன் பெயரை விவசாயிகள் இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அப்போது போனது கோயிலின் கருங்கல், அரண்மனையின் செங்கல் அல்ல. “காட்டன் அரண்மனையை இடித்துவிட்டார்” என்று சிலர் சேர்த்து எழுதுகிறார்கள், அது தவறு. 1836இல் இடிப்பதற்கு அங்கே நின்ற அரண்மனை எதுவும் இல்லை.

மற்ற சோழ அரண்மனைகளின் கதியும் இதுதான். தஞ்சையில் இன்று ‘அரண்மனை’ என்று சீட்டு வாங்கிப் பார்ப்பது நாயக்கர், மராட்டியர் கட்டியது. ராஜராஜனின் இருமடிசோழன் அதில் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கம் பழையாறையில் அரண்மனையின் பெயரே ஊராகிவிட்டது, சோழன்மாளிகை. சுற்றிலும் ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று நான்கு படைவீடுகளின் பெயர். ஊர்தான் இருக்கிறது, மாளிகை இல்லை. இவற்றோடு ஒப்பிட்டால் மாளிகைமேட்டுக்கு அதிர்ஷ்டம். பின்னாளில் அதன் மேல் பெரிய ஊர் எழும்பவில்லை, அதனால்தான் தோண்ட முடிந்தது.

சுரங்கப்பாதையைப் பற்றிக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். அரண்மனையிலிருந்து கோயிலுக்கு நிலத்தடியில் வழி இருந்ததாம், ராணி அதன் வழியாகப் போய்க் கும்பிடுவாளாம். தமிழ்நாட்டில் பழைய கோட்டை உள்ள ஊர் எதற்குப் போனாலும் ஒரு சுரங்கமும் ஒரு ராணியும் கட்டாயம் இருப்பார்கள். 2 கிலோமீட்டர் தூரம், வடிகால் நிறைந்த மண், மழைக்காலத்தில் மேலேறும் நிலத்தடி நீர். பல்லக்கு இருக்கும்போது ராணி ஏன் சேற்றில் நடக்க வேண்டும்?

நேரில் போக நினைத்தால் காலையில் முதலில் மாளிகைமேட்டுக்குப் போங்கள், கோயிலை வெயில் சாயும்போது வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் குடிதண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குழியோரம் நின்று, முதலில் செங்கல் வரிசைகளை எண்ணுங்கள், எங்கே சுவர் திரும்புகிறது, எங்கே பாதியில் அறுபடுகிறது என்று பாருங்கள். அறுபடும் இடத்துக் கல்தான் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கிறது. தூண்பீடத்தைக் கண்டால் அதன் மேல் ஒரு மரத்தூணை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு கோயில் பக்கம் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சிலைகளுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். நீங்கள் ஆணியும் ஓடும் வைத்திருக்கும் பெட்டியைத் தேடுங்கள், அங்கே இடித்துக்கொள்ளாமல் நின்று பார்க்கலாம்.